தளி மேட்டில் ஒரு மேப்பிள்

எங்கள் வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி, அகலமான மண்தொட்டி ஒன்றில் ஜப்பானிய மேப்பிள் மரம் நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களில் சிலர் இந்த மரத்தை ஆசைப்பட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சித்திரைக்குள் அது ஓரம் கருகி, குச்சியாகி, தொட்டி மட்டும் மிஞ்சும். "அது குளிர் நாட்டு மரம், இங்கெல்லாம் வராது" என்று பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. நம் ஊர்க் குளிர் இந்த மரத்துக்குப் போதாது என்பது உண்மைதான். ஆனால் குளிர் போதாத மரம் ஒரே கோடையில் சாகாது. மெதுவாகச் சோர்ந்து, வருஷத்துக்கு வருஷம் துளிர் குறைந்துதான் போகும். ஒரே கோடையில் கொல்வது போர்வெல் தண்ணீரும் சித்திரை மாதத்து மதியமும். இந்த இரண்டையும் முதலில் சரிசெய்துவிட்டால், குளிரைப் பற்றி யோசிக்க அவகாசம் கிடைக்கும். அதற்கும் எங்கள் பகுதியில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊர். தளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்துவிட்டுப் போனது இந்த ஊருக்குத்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க இப்படி என்று நினைக்க வேண்டாம். சூளகிரியைத் தாண்டி மலை இறங்கி கிருஷ்ணகிரி டவுனுக்குப் போனால் உயரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், வெயில் வேறு வெயில். தர்மபுரியும் அதே கணக்குத்தான். ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் மேட்டுப் பகுதிக்கு: ஓசூர், பாகலூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை. கீழே இருப்பவர்களுக்கு வேறு மரம் சொல்கிறேன், பின்னால் வருகிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு ரோஜாப் பண்ணையில். பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரைக் குடிலில், வளரும் கொய்மலர் ரோஜா, காம்போடு வெட்டி விற்பது. ஓசூர் வட்டாரத்தில் இது பெரிய தொழில். தளியில் இஸ்ரேல் நாட்டுக் கூட்டுறவோடு கொய்மலர் மகத்துவ மையமே இருக்கிறது. பண்ணையில் எந்த நேரமும் தண்ணீரின் உப்பு அளவு, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), நிழல் வலை, சிலந்திப்பேன் என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சில் பாதி வீட்டு மேப்பிளுக்கும் அப்படியே பொருந்தியது. மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. சந்தூரில் மாங்கன்று நர்சரிகளில் ஆயுசு முழுக்க ஒட்டுக் கட்டியவர். மேப்பிளை அவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

மரம் தை மாதத்தில் இமாசலத்து நர்சரி ஒன்றிலிருந்து வந்தது, இலையில்லாத குச்சியாக, வேரைச் சுற்றி ஈரப்பாசி கட்டி. அப்போது அப்பா எங்கள் வீட்டில்தான் இருந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடித்தண்டில் ஓரிடத்தில் லேசான வீக்கமும் சாய்வான தழும்பும் இருந்தன. விரலை அங்கே வைத்து, "இதுவும் ஒட்டுதானா பாப்பா?" என்றார்.

"ஆமாம்ப்பா. விதையில வந்தா தாய் மாதிரி இருக்காதாம்."

"மாங்கொட்டையும் அதே கதைதான். அப்ப இந்த ஒட்டுக்குக் கீழ வர்ற துளிரை விட்டுராத. கிள்ளிக்கிட்டே இரு."

மேப்பிள் வளர்ப்பில் முக்கியமான ஒரு விதியை, மரத்தின் பெயர் கூடச் சரியாகத் தெரியாமல் அவர் சொல்லிவிட்டார். நல்ல ரகங்கள் பெரும்பாலும் சாதாரண மேப்பிள் நாற்றின் மேல் ஒட்டுக் கட்டியவை. அடிச்செடிக்கு வேகம் அதிகம். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையை விட்டுவைத்தால் மேலே இருக்கும் ரகத்தை அது அமுக்கிவிடும். சிவப்பு இலை மரம் வாங்கினேன், பச்சையாக மாறிவிட்டது என்று குறைப்படுபவர்களில் சிலர் வீட்டில் நடப்பது இதுதான். மேலே இருந்த சிவப்பு ரகம் செத்து, கீழே இருந்த பச்சை நாற்று மரமாகியிருக்கும்.

இந்த மரத்தின் பிறப்பிடம் ஜப்பான், கொரியா. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் ஜப்பானுக்குப் போய்வந்து 1784ல் இதற்கு ஏசர் பால்மேட்டம் என்று அறிவியல் பெயர் வைத்தார். இங்கிலாந்துக்கு முதல் மரம் போய்ச் சேர்ந்தது 1820ல். ஜப்பானியர்கள் அதற்கு வெகு காலம் முன்பே ரகம் ரகமாகப் பொறுக்கி எடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று பெயர் வைத்த ரகங்கள் ஆயிரத்துக்கு மேல். 'பிளட்குட்' கருஞ்சிவப்பு இலை. 'சாங்கோ காக்கு' பவழ நிறப் பட்டை, இலை உதிர்ந்த பிறகு குச்சியே அழகு. 'ஒசகாசுகி' கோடை முழுக்கப் பச்சையாக இருந்து இலையுதிர் காலத்தில் தீப்பிடித்த சிவப்பாகும். 'டிசெக்டம்' வகையில் இலை நூல் நூலாகப் பிளந்து, கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும். காட்டில் 6 முதல் 10 மீட்டர் வரை வளரும் இனம்தான், ஆனால் தொட்டிக்கு ஏற்ற குட்டை ரகங்கள் நிறைய இருக்கின்றன.

நம் ஊருக்கு எது? நூல் இலை வகை வேண்டாம். இலை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் கருகும். கருஞ்சிவப்பு ரகங்களும் நம் கோடையில் செம்பும் பச்சையும் கலந்த மங்கலான நிறத்துக்குப் போய்விடுகின்றன. வெப்பமான இரவுகளில் அந்தச் சிவப்பு நிலைக்காது. அகலமான இலையுள்ள பச்சை ரகம்தான் நம் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கிறது. என்னுடையது அப்படிப்பட்டது. துளிர்க்கும்போது செம்பு நிறம், பிறகு இளம்பச்சை.

இந்தச் செம்பு நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், எனக்கு இதில் தனி ஆசை. நம் மாவட்டத்தில் மாந்தோப்பைப் பார்க்காத கண் இல்லை. மா துளிர்க்கும்போது இளந்தளிர் செம்பாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அரச மரம் துளிர்க்கும்போதும் அப்படித்தான், இலுப்பையும் அப்படித்தான். மேப்பிள் தளிரின் சிவப்பும் மாந்தளிரின் சிவப்பும் ஒரே வகை நிறமி, ஆந்தோசயனின். இளம் இலையில் பச்சையம் முழுதாக உருவாகும் முன்னால் கடும் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடாமல் இந்த நிறமி காக்கிறது. மலையில் கும்பாதிரி மரம் என்று ஒன்று உண்டு, சிலர் பூவம் என்பார்கள். கோடை தொடங்கும் முன் அது துளிர்க்கும்போது மரம் முழுக்க ரத்தச் சிவப்பு. அந்தக் கும்பாதிரியும் மேப்பிளும் ஒரே தாவரக் குடும்பம். பூந்திக்கொட்டையும் லிச்சியும் அதே குடும்பம். நம் வேலியில் ஏறும் முடக்கத்தான் கொடியும் அதே குடும்பம். பழைய புத்தகங்களில் மேப்பிளைத் தனிக் குடும்பமாக வைத்திருப்பார்கள். இப்போது பூந்திக்கொட்டைக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். தோசைக்கு முடக்கத்தான் பறிக்கப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த உறவு நினைவுக்கு வரும், சந்தோஷமாக இருக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீர் பாறைக்குள்ளிருந்து வருகிறது. பல இடங்களில் கடினத்தன்மை அதிகம், ஃபுளோரைடும் அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி என்று தலைமுறையாக அவதிப்பட்ட ஊர்கள் இவை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டி 2013ல் தொடங்கி வைத்தார்கள். அந்தக் காவிரித் தண்ணீரை நான் செடிக்கு ஊற்றுவதில்லை. அது குடிக்க வந்த தண்ணீர்.

போர் தண்ணீரை மேப்பிளுக்கு ஊற்றினால் என்ன ஆகும்? மேப்பிளுக்குப் பிடித்தது லேசான அமிலத் தன்மையுள்ள மண், பிஎச் 5.5 முதல் 6.5 வரை. நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் அதிகம். ஊற்ற ஊற்ற தொட்டி மண்ணின் பிஎச் ஏறிக்கொண்டே போகும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவார்கள். உரமும் உப்புதானே. அதோடு, தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கும். சித்திரையில் இலை வேகமாகத் தண்ணீரை இழுக்கும்போது அந்த உப்பு முழுக்க இலை ஓரத்தில் போய்ச் சேரும். ஓரத்திலிருந்து கருகல் தொடங்கும். எல்லோரும் வெயில் என்று நினைப்பார்கள். வெயிலும்தான், ஆனால் உப்பில்லாத தண்ணீர் குடித்த மரம் அதே வெயிலில் பாதிக் கருகல்கூடக் காட்டுவதில்லை.

எங்கள் பண்ணையில் மழைநீரைப் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டையில் சேர்த்து வைக்கிறோம். ரோஜாவுக்கும் உப்பு ஆகாது. வீட்டில் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயை இரண்டு பெரிய டிரம்முக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில்தான் மழை அதிகம், சித்திரை வைகாசியில் இடி மழை கொஞ்சம் பெய்யும். ஒரு தொட்டி மரத்துக்கு இது தாராளம். டிரம்மை மூடி வைக்க வேண்டும், கொசு வரும். வேறு வழியே இல்லாமல் போர் தண்ணீர் ஊற்றும் வாரங்களில், அடுத்து மழைத் தண்ணீர் விடும்போது தொட்டியின் அடித் துளையில் தாராளமாக ஒழுகும் வரை விடுங்கள், தங்கிய உப்பு கரைந்து போகும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிவாக வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது நல்ல பழக்கம் என்று பலர் செய்கிறார்கள். தென்னைக்குப் பரவாயில்லை. மேப்பிளுக்கு அது விஷம், உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வருகிறது.

மண்கலவை பற்றி அடுத்து. மேப்பிள் வேர் ஆழமாகப் போகாது, மேலாகப் பரவும், மெல்லிய நார் வேர். அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். களிமண்ணில் வைத்தால் மழைக்காலத்தில் அழுகிவிடும். நான் போடுவது: நன்றாக அலசிய தேங்காய் நார்த் துண்டு, இலைமட்கு, கொஞ்சம் செம்மண், பொடிக் கிரானைட் ஜல்லி. நார்க் கழிவைக் கட்டாயம் அலச வேண்டும், கடையில் வரும் கட்டியில் உப்பு இருக்கும். ஜல்லிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? கிரானைட்டில் சுண்ணாம்பு இல்லை என்பதால் பிஎச் ஏறாது. சலித்துத் தூளை நீக்கிவிட்டுப் போட வேண்டும். எம்.சாண்ட் போட்டால் அந்தத் தூள் அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியாது.

செம்மண் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை பயிரிட்ட நிலத்து மண் வேண்டவே வேண்டாம். வெர்டிசிலியம் என்று ஒரு பூஞ்சை மண்ணில் பல வருஷம் உயிரோடு இருக்கும். அது இந்தப் பயிர்களையும் வாட்டும், மேப்பிளையும் வாட்டும். நல்லா இருக்கிற மரத்தில் திடீரென்று ஒரு பக்கக் கிளை மட்டும் வாடும். வெட்டிப் பார்த்தால் உள்ளே மரத்தில் கரும்பச்சைக் கோடு ஓடியிருக்கும். அதற்கு மருந்து கிடையாது. ராயக்கோட்டைத் தக்காளி நாடெல்லாம் அறிந்தது. அந்தப் பக்கத்து நண்பர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வீட்டு மண்ணில் ஒரு காலத்தில் தக்காளி இருந்ததா என்று யாருக்குத் தெரியும், அதனாலேயே நான் நிலத்தில் நடாமல் தொட்டியிலேயே வைத்திருக்கிறேன். தொட்டியை எடுத்து நகர்த்த முடியும் என்பது இன்னொரு பெரிய காரணம், அது கீழே வருகிறது.

இடம்: காலை வெயில் பத்து, பத்தரை வரை. அதன் பிறகு நிழல். கிழக்குச் சுவர் அதனால்தான். பங்குனியிலிருந்து வைகாசி வரை மேலே 50 சதவீதப் பச்சை வலை ஒன்றும் கட்டிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கம் அந்த மாதங்களில் 35 டிகிரி வரை போகிறது. கருப்புப் பிளாஸ்டிக் தொட்டி கூடாது, வெயில் பட்டால் உள்ளே வேர் வெந்துவிடும். மண்தொட்டியில் சுவர் வழியாக ஈரம் ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு உலர்ந்த இலையோ நாரோ போட்டு மூடுவேன், தண்டை ஒட்டாமல்.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் மேட்டில் நேரடி அனுபவம். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று இலையைக் கிழிப்பதைவிட உலர்த்துவது அதிகம். தண்ணீர் போதுமான அளவு இருந்தும் ஆடியில் இலை கருகினால் காரணம் அதுதான். வீடே நடுவில் நின்று மறைத்தால் நல்லது.

பூச்சி என்று பார்த்தால் சிலந்திப்பேன், அசுவினி, மாவுப்பூச்சி. ரோஜாவுக்கு வருவது எல்லாம் வருகிறது. வறண்ட வெயில் நாட்களில் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினாலே சிலந்திப்பேன் பெரும்பாலும் போய்விடும். வேப்பெண்ணெய் அடிப்பதாக இருந்தால் சாயங்காலம், அதுவும் இலை முற்றிய பிறகு. இளந்தளிரில் அடித்தால் எண்ணெயே சுட்டுவிடும். உரத்தைப் பொறுத்தவரை குறைவாகக் கொடுப்பதே சரி. துளிர் முற்றியதும் மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சம், புரட்டாசிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

இப்போது குளிர்.

மேப்பிள் இலையுதிர் மரம். நம் மேலகிரிக் காட்டு மரங்களும் இலை உதிர்க்கின்றன, ஆனால் அவை மாசி, பங்குனியில் தண்ணீர் இல்லாததால் உதிர்ப்பவை. மேப்பிள் உதிர்ப்பது பகல் குறைவதாலும் குளிர் ஏறுவதாலும். ஜப்பானில் கியோட்டோ 35 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஜூனில் பகல் ஏறக்குறைய பதினான்கரை மணி நேரம், டிசம்பரில் பத்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. தளி 12 டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே. நமக்கு நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். மரத்துக்குப் பருவம் மாறியது என்றே தெளிவாகத் தெரிவதில்லை. மார்கழி இரவில் 13, 14 டிகிரிக்கு இறங்கும், சில வருஷம் இன்னும் கொஞ்சம். நமக்கு ஸ்வெட்டர் போடும் குளிர், மேப்பிளுக்கு அது குளிரே கிடையாது. அது தூங்கி எழ 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். மொட்டுக்குள் வளர்ச்சியைத் தடுத்து வைத்திருக்கும் பூட்டு அந்தக் குளிரில்தான் மெல்லத் திறக்கும். அது கிடைக்காத மரம் தையிலும் மாசியிலும் நுனி மொட்டு நாலைந்து மட்டும் திறந்து, பக்க மொட்டெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் அந்தக் கிளைகள் காயும். இமாசல ஆப்பிளை இங்கே கொண்டுவந்து வைத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அதற்காகத்தான் குறைந்த குளிரில் காய்க்கும் 'அன்னா', 'ஹெச்ஆர்எம்என் 99' போன்ற ஆப்பிள் ரகங்கள் வந்தன. மேப்பிளில் அப்படிக் குறைந்த குளிருக்கென்று பிரித்தெடுத்த ரகம் நர்சரிகளில் கிடைப்பதில்லை.

என் மரமும் வந்த மறு வருஷம் அப்படித்தான் அரைகுறையாகத் துளிர்த்தது. அதைப் பார்த்தபோதுதான் பண்ணையின் குளிர் அறை நினைவுக்கு வந்தது. வெட்டிய ரோஜாவை 2 முதல் 4 டிகிரியில் வைக்கும் அறை. வெளிநாடுகளில் இலை உதிர்ந்த மரக்கன்றுகளை நர்சரிக்காரர்கள் மாதக்கணக்கில் இருட்டான குளிர் கிடங்கில்தான் அடுக்கி வைக்கிறார்கள். இலை இல்லாத மரத்துக்கு வெளிச்சம் வேண்டாம். ஒரு மாதம் அந்த அறையில் இருந்தால் 720 மணி நேரக் குளிர். மரம் தூங்கி எழ வேண்டிய அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

முதலாளியிடம் கேட்டேன், ஒரு மூலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். காதலர் தினத்துக்கான அறுவடை தை பாதிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். அதற்குப் பிறகு குளிர் அறையில் ஊசி குத்த இடம் இருக்காது. ஆகவே கார்த்திகை தீபம் முடிந்ததும் உள்ளே, பொங்கலுக்கு வெளியே. இதுதான் அட்டவணை.

உள்ளே கொண்டுபோகும் முன் மரத்தைத் தயார் செய்ய வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துவிடுகிறேன், காயவிடாமல். அந்த நேரம் இலை பழசாகி ஓரம் தேய்ந்திருக்கும், கொஞ்சம் தானாகவே உதிரும். மிச்சத்தைக் கையால் கிள்ளிவிடுகிறேன், காம்பை மட்டும் விட்டுவிட்டு. காம்பு சில நாளில் தானே விழும். மொட்டுக்குச் சேதம் வராது. அப்புறம் ஒன்றிரண்டு வாரம் வீட்டுக்கு வடக்குப் பக்கம், வெயிலே படாத இடத்தில். அதன் பிறகு தொட்டியைச் சாக்கில் சுற்றி, மண் வெளியே சிந்தாமல் பாலித்தீன் போட்டுக் கட்டி, குளிர் அறை. அங்கே ஓடும் விசிறி குச்சியை உலர்த்தும் என்பதால் கிளைகளின் மேலும் ஈரச்சாக்கு ஒன்றைத் தளர்வாகப் போட்டிருப்பேன். வாரம் ஒருமுறை மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் போதும்.

பொங்கல் சமயம் வெளியே எடுத்து அதே வடக்குப் பக்கம் வைத்ததும், தை முடியும் முன்பே மொட்டு பருக்கத் தொடங்கியது. மாசியில் மரம் முழுக்க, அடிக்கிளையின் பக்க மொட்டு வரைக்கும், ஒரே வாரத்தில் திறந்தது. ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு துளிர், செம்பு நிறம், மடித்த இலை மெல்ல விரிவது. நான் வேலைக்குப் போகத் தாமதமானேன், அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மாசிக் குளிரிலேயே இலை விரிந்துவிடுவதால் சித்திரை வெயில் வரும்போது அது முற்றித் தடித்திருக்கும். பங்குனிக் கடைசியில் துளிர்க்கும் மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை, பிஞ்சு இலையே நேராக வெயிலில் விழும்.

குளிர் அறை எல்லோருக்கும் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கம் எத்தனை பூப்பண்ணைகள்! தெரிந்தவர் ஒருவராவது அங்கே வேலை செய்வார். சின்னக் கன்றாக இருந்தால் காய்கறி எதுவும் வைக்காத பழைய பிரிட்ஜே போதும். போன்சாய் வளர்ப்பவர்கள் வெப்ப நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். பழங்களோடு சேர்த்து வைக்க வேண்டாம், பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும்.

சிவப்பு இலையுதிர் காலம் வருமா என்ற கேள்வி கட்டாயம் வரும். எதிர்பார்க்காதீர்கள். பகல் பளிச்சென்ற வெயிலும் இரவு உறையாத கடுங்குளிரும் சேர்ந்தால்தான் இலையில் சர்க்கரை தங்கி, பச்சையம் கரைந்து, சிவப்பு உருவாகும். நமக்கு அந்த இரவு இல்லை. கார்த்திகையில் என் மரம் மஞ்சளும் பழுப்பும் கலந்து, அங்கங்கே கொஞ்சம் செம்மை காட்டும், அவ்வளவுதான். எனக்கு மாசித் துளிர் போதும். நம் ஊரில் இந்த மரத்தின் திருவிழா மாசி என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

இணையத்தில் விதை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நீல நிற மேப்பிள், வானவில் மேப்பிள் என்று படம் போட்டு விற்கிறார்கள். நீல இலை மேப்பிள் உலகத்திலேயே கிடையாது. இன்னொன்று, 'ரெட் மேப்பிள்' என்று தொட்டியில் கருஞ்சிவப்பு இலையோடு விற்கும் செடி பல இடங்களில் செம்பருத்தி இனம், புளிச்சகீரைக்குச் சொந்தம். இலை பிளவுபட்டிருப்பதால் பார்க்க மேப்பிள் போலவே இருக்கும். இலை எதிரெதிர் ஜோடியாக இருந்தால் மேப்பிள், மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக இருந்தால் அது வேறு. கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் புளிச்சகீரைச் சொந்தத்தை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி டவுன், காவேரிப்பட்டணம், தர்மபுரி, அரூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் செடி அதுதான். முழு வெயிலில் நிற்கும், குச்சியை ஒடித்து வைத்தால் வேர்விடும், இலையைக் கிள்ளிச் சமைக்கவும் செய்யலாம். 'பூக்கும் மேப்பிள்' என்று விற்கும் அபுட்டிலான் நம் துத்திக்கு உறவு. தொங்கும் மணி மாதிரிப் பூ, ஓசூர் மேட்டில் அருமையாக வருகிறது, கீழே நிழல் வேண்டும். இடம் இருப்பவர்கள் நாட்டு வாதுமை வைக்கலாம். இலை உதிரும் முன் அது காட்டும் சிவப்பை என் மேப்பிள் காட்டியதில்லை. நிலமே இருந்தால் கும்பாதிரி. அது நம் மலையின் மரம், போர் தண்ணீரோ குளிர் அறையோ எதுவும் கேட்காது.

அப்பாவுக்கு இப்போது வேறு ஆசை. போன மாசியில் துளிர்த்த கிளையைப் பார்த்துவிட்டு, இதில் ஒட்டுக்குச்சி எடுத்துக் கட்ட வேண்டும் என்கிறார். மேப்பிளை ஒட்டுக் கட்டுவது பெரும்பாலும் குளிர்காலத்தில், பக்க ஒட்டாக. ஒட்டுக்குச்சி தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், அடிச்செடி விழிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மாவில் இரண்டும் விழித்திருக்கும்போது கட்டிப் பழகியவர் அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தார். "அப்ப குச்சி மட்டும் குளிர் ரூம்ல இருக்கட்டும். அடிச்செடி வெளிய இருக்கட்டும். ரெண்டையும் ஒரே நாள்ல சேர்த்துக் கட்டிடலாம்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை, குளிர்நாட்டு நர்சரிகளில் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

அடிச்செடிக்கு மேப்பிள் நாற்றுதான் வேண்டும், மாவோ பூந்திக்கொட்டையோ ஒட்டாது. விதை வாங்கினேன். இறக்கை முளைத்த விதை, இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். இறக்கையைக் கிள்ளி, ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரமான நார்த்தூளோடு பையில் போட்டு 4 டிகிரியில் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டும். பை இப்போது குளிர் அறையில் அதே மூலையில் இருக்கிறது. முளைத்தாலும் ஒட்டுக் கட்டும் பென்சில் தடிமன் வர இன்னும் இரண்டு வருஷம் போல ஆகும். அப்பா தன் ஒட்டுக் கத்தியைச் சந்தூரிலிருந்து எடுத்துவந்து எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.